வீட்டறையில் ஓர் ஒலிப்பதிவகம்

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை ராஜ்யத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்து பிரிந்து நின்றனவாயினும், தென் திருவிதாங்கூரின் கோவில் முற்றங்களில் வில்லுப்பாட்டு அவ்வெல்லையைப் பொருட்படுத்தியதில்லை. அப்பாட்டைப் பதிவுசெய்ய நகரத்து ஒலிக்கூடத்துக்கு வாடகை கொடுத்தே தீரவேண்டும் என்னும் எண்ணத்தைக் காட்டாக்கடை, பாறசாலைப் பக்கத்து இளைஞர்கள் விட்டொழிக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

கணினி, இரண்டு மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் ஆகியவை ஆரம்பத்துக்குப் போதும். யந்திரத்தைக் காட்டிலும் அறையே பிரதானம். வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பியடிக்குமாதலால், பாடுவோரின் முதுகுப்புறம் கனத்த பஞ்சு மெத்தையை நிறுத்திவிட்டாலே எதிரொலி பெரிதும் அடங்கும். வில்லின் மணிகளோ கூரிய நாதமுடையவை, குடமோ அடித்தொண்டையில் அதிர்வது. ஆகையால் பாடுவோரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு மைக்கையும், காற்று நேரே மோதாதவாறு குடத்தின் வாயினின்று சற்று விலக்கி மற்றொன்றையும் வைத்து, 24 பிட்டில், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பதிவதே உசிதம்.

2019-ல் வெளிவந்து உலகப் பிரசித்தி பெற்ற அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சாதாரண வீட்டின் சிறிய படுக்கையறையிலே பெரும்பாலும் உருவானது. நம் வீடுகளிலும் அறைகள் உண்டு. மழை ஓய்ந்த இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வயது முதிர்ந்த வில்லிசைப் புலவர்களையே முதலில் அழைத்துப் பாடவைக்க வேண்டும். இளையவர்களின் முறை அடுத்த ஆண்டு வரலாம்.