ஆங்கிலத்தில் சொன்முறை மாற்றம்

ஆங்கிலம் கற்கும் நம் மாணவருட் சிலர், வாக்கியத்தின் சொற்களை முன்பின்னாக மாற்றி எழுதுதலே நடைக்கு அழகென்று கருதுகின்றனர். அம்மாற்றம் தக்க இடத்தில் மட்டுமே கொள்ளற்குரியது என்பது எமது துணிபு.

'புலி மானைக் கொன்றது' என்றாலும் 'மானைப் புலி கொன்றது' என்றாலும் தமிழிற் பொருள் மாறாது. 'ஐ' என்னும் வேற்றுமையுருபு காவல் நிற்கின்றது. ஆங்கிலத்திலோ அவ்விரு பெயர்களையும் இடம் மாற்றினால், மான் புலியைக் கொன்றதாக முடியும். பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. 1500ஆம் ஆண்டுக்குள் அவை பெரும்பாலும் தேய்ந்தொழிந்தன. அவற்றின் தொழிலை இன்று சொல்வரிசையே செய்து வருகின்றது. ஆகலின் அவ்வரிசையைக் கலைப்போர் தக்க காரணம் உடையராதல் வேண்டும்.

அக்காரணங்கள் சிலவே. 'நெவர்', 'செல்டம்' முதலிய எதிர்மறைச் சொற்கள் வாக்கிய முதலில் நின்றால், துணைவினை எழுவாய்க்கு முன் வருதல் வேண்டும்: 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்பதே வழக்கு, 'நெவர் ஐ ஹேவ் சீன்' என்பது வழு. 'இஃப்' என்பதை விடுத்து 'ஹேட் ஐ நோன்' எனத் தொடங்குதலும் முறையே. அறிந்த இடத்தை முதலில் வைத்துப் புதிய பொருளை இறுதியிற் காட்டுதல் மற்றொன்று: 'ஆன் த ஹில் ஸ்டுட் எ டவர்' என்னுமிடத்து, படிப்போன் மனம் முதலில் குன்றின்மேற் சென்று, பின்னர்க் கோபுரத்தைக் காண்கின்றது.

விந்தை யாதெனின், வேண்டுமிடத்தில் மாற்றாத நம்மவர் வேண்டாத இடத்தில் மாற்றுகின்றனர். 'வாட் இஸ் ஹிஸ் நேம்' என்பது நேர்வினா. அதனை 'ஐ டூ நாட் நோ' என்பதன்பின் அமைக்குங்கால், 'வாட் ஹிஸ் நேம் இஸ்' என்று எழுதுதலே முறை. இதனை மறப்போர் பலர்.

1667இல் வெளிவந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காப்பியத்தில், முதல் வாக்கியத்தின் முதன்மை வினை ஆறாம் அடியிலேதான் வருகின்றதே எனச் சிலர் வினவலாம். செய்யுளுக்கு அவ்வுரிமை உண்டு; ஓசை அதனைத் தாங்கும். உரைநடைக்கு அத்துணை இல்லை. அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை தன் தொடக்க ஆண்டுகளில் வாக்கியங்களைத் தலைகீழாக்கும் நடையை மிகுதியாகக் கையாண்டது. 1936இல் 'நியூயார்க்கர்' இதழில் வுல்காட் கிப்ஸ் என்பார் அந்நடையிலேயே எழுதி அதனை எள்ளினார். அணியும் அளவு கடந்தால் நகைப்புக்கிடமாகும்.

ஆகவே, மாணவ நண்பர்காள், ஒரு சொல்லை இடம் பெயர்க்குமுன் 'எதற்காக?' என்று உங்களையே வினவுங்கள். விடை கிடைத்தால் தயங்காது பெயருங்கள். கிடையாதேல் சொல்லை அதன் இடத்திலேயே நிற்க விடுங்கள். தேர்வுத்தாளாயினும் விண்ணப்பமாயினும், நாம் கருதியதைப் பிறர் பிழையற உணர்தலே மொழியின் முதற்பயன்.