எண்ணிக்கையில் இல்லாத பெயர்கள்

"உங்கள் பாட்டனாரைப் பழைய குடிசன மதிப்பில் தேடுங்கள்" என்னும் அறிவுரை மலையக வரலாறு பேசும் அரங்குகளில் அடிக்கடி கேட்கின்றது. இலண்டன் நகரத்தவனுக்கு அது பொருந்தும். அங்கு நூறாண்டு கழிந்த வீட்டுப் படிவங்கள் பெயர், வயது, தொழிலுடன் பொதுமக்கள் பார்வைக்கு விடப்படுகின்றன. பதுளைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கும் இதையே கூறுவோர் நம் பழைய அறிக்கைகளை ஒருமுறையேனும் புரட்டினரா என்பது ஐயமே.

இலங்கை முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. அச்சேறி நமக்குக் கிடைப்பவை வெறும் தொகைகளே: இத்தனை ஆண், இத்தனை பெண். பெயரும் தந்தை பெயரும் அவற்றில் இல்லை. ஊவா என்று தேடினாலும் பயனில்லை. 1886 வரை பதுளை மத்திய மாகாணத்துள் அடங்கியிருந்தது. காப்பிப் பறிப்புக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோரோ, கணக்கெடுத்த நாளில் இங்கு இருந்திருக்கவே மாட்டார்.

1911இல் டென்ஹாம் மேற்பார்வையில் நடந்த கணிப்பு தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு கூறாக்கிற்று. பின்னவர் ஏறக்குறைய 5 இலட்சத்து 31 ஆயிரம். ஹப்புத்தளை லயத்திலே பிறந்த குழந்தையும் அக்கணக்கில் இந்தியத் தமிழனே. இப்பகுப்பை இயற்கை நியதிபோல் நம் ஆய்வாளர் இன்றும் எடுத்தாளுவது வியப்பிற்குரியது.

பின்னர் வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என நிறுவுக. இன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தமையை நிறுவுக என்றது. எழுபத்தேழு ஆண்டுகள் தலையை மட்டும் எண்ணிய அரசு, பெயருக்குச் சான்று கேட்டது தொழிலாளியிடம்! நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

பெயர்கள் வேறிடத்தில் உள்ளன. கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்த செக்ரோல், தோட்டத்துரை பதிவாளருக்கு அனுப்பிய பிறப்பு இறப்பு அறிவித்தல்கள், 1921இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறையின் கடன் கணக்குகள் ஆகியனவே நம் குடும்ப வரலாற்றின் மூலங்கள். துரையின் ஏட்டை நம்பலாமா என்பர் சிலர். வினா நியாயமானதே, கிளாக்கர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர்கள் அவை, ஒரே ஏட்டில் பல இராமசாமிகள் இருப்பர். எனினும் எந்தக் கங்காணியின் ஆள் என்பது தெரிந்தால் உரியவரைப் பிரித்தறிய இடமுண்டு. புள்ளிவிவரத் தாளில் அதற்கும் இடமில்லை.

இவ்வேடுகள் 1975இல் கம்பனிகளிடமிருந்து அரசுக்கும், 1992இல் அரசிடமிருந்து மீண்டும் கம்பனிகளுக்கும் கைமாறிய அலுவலகங்களிற் கிடந்தவை. தேயிலைக்கும் இயந்திரத்துக்கும் கணக்குப் பார்த்தனர். கறையான் தின்னும் பழந்தாளைக் கேட்பாரில்லை. 2005 முதல் பதுளையிலேயே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. பசறை, லுணுகலை, தெமோதரையிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த நம் மாணவர் அடுத்த விடுமுறையிலேனும் தோட்ட அலுவலகத்திற்குச் சென்று, பழைய செக்ரோல் எந்த அறையில் உள்ளது என்று கேட்கட்டும். அதிலுள்ள கங்காணிமாரின் பெயர்களை அடையாளங் காட்டவல்ல முதியோர் லயங்களில் இன்னும் சிலரே உளர்.