புல்வெளிக்கு எந்தத் துப்பாக்கி?
அமெரிக்காவின் தெற்கு டகோட்டா புல்வெளிகளில் பிரெய்ரி நாய் எனப்படும் வளை அணிலைச் சுடப் போகிறவர்கள் வேகத்தில் மயங்குகிறார்கள். .22-250, .223 என்னும் தோட்டா வகைகள் இரண்டும் உமிழ்வது ஒரே விட்டமுள்ள குண்டைத்தான். 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம் குண்டு முன்னதில் நொடிக்குச் சுமார் 1,120 மீட்டரும் பின்னதில் 990 மீட்டரும் பாயும். அந்தக் கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் வெடிமருந்து வேண்டும். குழல் சீக்கிரம் கொதிக்கும், விரைவில் தேயும். ஒரே நாளில் நூறு, இருநூறு முறை சுடுகிற இடத்தில் இது சின்ன விஷயமல்ல. .17 எச்எம்ஆர் என்னும் தோட்டாவின் 17 கிரெயின் குண்டையோ அங்கு ஓயாமல் வீசும் காற்றே தள்ளிவிடும். என் தேர்வு .223. ஆனால் ஈயக் குண்டு வேண்டவே வேண்டாம். கிடக்கும் சடலங்களோடு ஈயத் துணுக்குகளையும் விழுங்கும் கழுகுகளுக்கு உடலில் நஞ்சேறுகிறது. செம்புக் குண்டு கடையில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.