மைதானம் நமக்கு அந்நியமா?

மைதானம் என்னும் சொல் அரபு, பாரசீக மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தது. அச்சொல்லை மார்க்கக் கல்வியோடு கற்ற சமுதாயத்தார் இன்று தம் மக்களை, சிறப்பாகப் பெண்மக்களை, மைதானத்தின் வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றனர். இது முறைதானா?

கடலூர் மஞ்சக்குப்பத்து அண்ணா விளையாட்டரங்கைப் பாருங்கள். 2004இல் ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்த பின்னர், எளிய குடும்பத்துச் சிறுமியர் பலர் கடலூரில் கால்பந்துப் பயிற்சிக்கு வந்தனர். இவ்வூர் இந்திரா காந்தி அகாடமியின் பெண்கள் அணி 2018இல் இந்திய மகளிர் லீகில் ஆடிற்று. அதே ஆண்டில் தமிழக மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையைக் கொணர்ந்தது. கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையானார். காவல் துறையில் உதவி ஆய்வாளர் பதவியும் பெற்றார். இவ்வரிசையில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரத்து நம் பிள்ளைகள் எங்கே?

'விளையாட்டு வீண் பொழுது' என்பர் சிலர். மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதையும், அதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துணை நின்றதையும் புகாரியில் ஓதுகின்றோம். அன்னையாரோடு அண்ணலார் ஓட்டப் போட்டியிட்டதை அபூதாவூதில் காண்கின்றோம். சூது கலவாமல், தொழுகையைப் பாழாக்காமல், அவ்ரத்தைப் பேணி ஆடும் ஆட்டத்தை ஹராம் என்பதற்கு ஆதாரம் யாது? ஹைதராபாதின் சையத் அப்துல் ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பயிற்றிய இந்திய அணியே 1951இலும் 1962இலும் ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றது. அவர் பொழுது வீணாயிற்றா?

'ஆடை ஒவ்வாது' என்பது அடுத்த தடை. தலையை மறைத்து ஆட உலகக் கால்பந்து விதிகள் 2014இலேயே இடமளித்துவிட்டன. 2023இல் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடனேயே உலகக் கோப்பையில் ஆடினார். நீண்ட காற்சட்டைக்கும் முழுக்கைச் சட்டைக்கும் வழியுண்டு. வழி தேடும் மனந்தான் நம்மிடம் இல்லை.

முன்னர் ஆங்கிலக் கல்வியையும் இவ்வண்ணமே தடுத்தவர்கள் உண்டு. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அடுத்தூரிலிருந்தும் அதன் வகுப்பறைகளில் நம் பெண்மக்கள் காலந்தாழ்த்தே அமர்ந்தனர். தடுத்தவர்கள் மறைந்தனர், இழப்போ பேத்திமார்களின் தலையில் விழுந்தது.

ஆகவே ஜமாஅத்தாரை நாம் கேட்கின்றோம்: ஆண்டுதோறும் விருந்துகளுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, பிள்ளைகளைக் கடலூருக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டி அமர்த்துங்கள். பெண்மக்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் வேண்டுமென்று அரங்கத்து அதிகாரிகளிடம் மனுக் கொடுங்கள். விடுமுறை நாள்களில் அஸருக்குப் பின் ஆடி, மக்ரிபை அங்கேயே ஜமாஅத்தாகத் தொழுது திரும்பட்டும். அரசின் பொருளால் எழுந்த அரங்கில் நமக்கும் பங்குண்டு. அப்பங்கைப் பறித்தவர் எவருமிலர்; நாமே கேளாது விட்டிருக்கின்றோம்.