ஈமான் இசையைக் கொன்றதா?

யூசுப் இஸ்லாம் என்னும் பாடகரைக் குறித்து மேலைநாட்டு விமரிசகர் பலர் சலிப்பின்றிச் சொல்லிவரும் கூற்று ஒன்று உண்டு. கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பாடியவரை அவர் கலைஞராய் இருந்தார். கலிமாச் சொன்ன நாளோடு அக்கலை மாண்டது என்பதே அது. நம்மவருள் ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் சிலரும் இதற்குத் தலையசைக்கின்றனர். வேறு சிலரோ, மாண்டதே நன்று என மகிழ்கின்றனர். இவ்விரு சாராரும் அவருடைய இசைத்தட்டுகளை ஆண்டு வரிசையில் வைத்துக் கேட்டவர்கள் அல்லர்.

கிரேக்க சைப்ரசுத் தந்தைக்கும் சுவீடன் நாட்டுத் தாய்க்கும் 1948இல் இலண்டனில் பிறந்த அவர், 1967இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். துள்ளலான கேளிக்கைப் பாட்டுகள். வாத்திய ஆரவாரத்தில் குரல் அமிழ்ந்து கிடக்கிறது. அடுத்த தட்டு விலைபோகவில்லை. பின்னர் காசநோய் வந்தது. மரணத்தை அருகிருந்து கண்டு, மாதக்கணக்கில் படுக்கையிற் கிடந்து எழுந்த அந்த இளைஞர் 1970இல் தந்ததுதான் 'டீ ஃபார் த டில்லர்மேன்'. ஒரு கித்தார், ஒரு குரல், அளவான துணைவாத்தியம். நான் யார், எங்கே செல்கிறேன் என்ற கேள்விதான் அதில் பாட்டுக்குப் பாட்டு ஒலிக்கிறது. வீட்டை விட்டு விடைதேடிப் புறப்பட்ட ஒருவனைப் பற்றிய பாட்டொன்று அதில் உண்டு. நல்லதொரு நூலைக் கையில் எடு என்று அது அவனுக்குச் சொல்கிறது! அருள்மறையை அவர் கண்ணாற் காண்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன் எழுதிய பாட்டு அது.

1971இல் வந்த 'டீசர் அண்ட் த ஃபயர்கேட்' தட்டும் அதே தரத்தது. அதன்பின் என்ன நேர்ந்தது? விமரிசகர் விரைந்து தாண்டிச் செல்லும் இடம் இதுதான். 1973இல் தம் தயாரிப்பாளரான பால் சாம்வெல் ஸ்மித்தை விட்டு விலகி, 'ஃபாரினர்' என்ற தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பதினெட்டு நிமிட நீளமுள்ள ஒரே ஆக்கத்தால் நிரப்பினார். 1975இல் பித்தகோரசின் எண் தத்துவத்தைக் கதையாக்கி 'நம்பர்ஸ்' வெளிவந்தது; கேட்டவர் குழம்பினர். 1977 ஏப்ரலில் வந்த 'இசிட்சோ'வில் மின்னணுக் கருவிகளின் ஓசை மிகுந்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவியதோ அதே ஆண்டு டிசம்பரில். ஈமான்தான் கலையைக் கொன்றதென்றால், 1975இல் அதைக் கொன்றது எது? புகழும், பணமும், ஓயாத பயணமும் வற்றச் செய்த ஊற்றின் பழியை மார்க்கத்தின் தலையிற் சுமத்துவது எவ்வகை நியாயம்?

ஆயினும் நம் பக்கத்துக் குறையை மறைப்பதற்கில்லை. 1978இல் வந்த தட்டோடு அவர் மேடையை விட்டார். தம் கித்தார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்குக் கொடுத்தார். 1983இல் இலண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நிறுவினார். இவை பெருஞ்செயல்கள். ஆனால் இசையைப் பற்றி அறிஞரிடையே அன்றும் கருத்து வேற்றுமை இருந்தது; கடினமான கருத்தே உரக்க ஒலித்தது. 1995இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் ஒலிப்பதிவும், 2000இல் குழந்தைகளுக்கான 'ஏ இஸ் ஃபார் அல்லாஹ்' தொகுப்பும் வந்தன. அவை பாடநூல்கள். பாடநூலைக் கவிதையோடு ஒப்பிட்டுக் கவிதை செத்ததென்பது நேர்மையன்று. பாடநூலே போதும், கவிதை வேண்டாமென்பதும் அறிவுடைமை அன்று. நாகூர் ஹனீபாவை வாத்தியங்களோடு கேட்டு வளர்ந்த நம் சமுதாயத்திலும் இதைச் சொல்வார் இருப்பது வியப்பே!

மகன் வீட்டிற்குக் கொண்டுவந்த கித்தார் ஒன்றைத் தொட்டதில் அந்தக் கதவு திறந்ததாக அவரே கூறியிருக்கிறார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் 2006இல் 'அன் அதர் கப்' வெளிவந்தது. அதில் 1970இல் பாடிய ஒரு பாட்டையே மீண்டும் பாடியுள்ளார். பழைய கித்தார் துணைவர் ஆலன் டேவிஸ் திரும்பி வந்தார். 2017இல் வந்த 'த லாஃபிங் ஆப்பிள்' தட்டுக்குச் சாம்வெல் ஸ்மித்தும் திரும்பினார். இப்பிற்காலத் தட்டுகள் எல்லாம் முன்னவற்றுக்கு நிகர் என்று நான் வாதிடவில்லை. சிலவற்றில் விடை முன்னரே தெரிந்துவிடுவதால் பாட்டு தளர்கிறது. கேள்வி கேட்கும் இளைஞனின் பதற்றம் முதியவருக்கு வாய்ப்பதில்லை. அது வயதின் இயல்பு. எந்தச் சமயத்தவர்க்கும் பொது.

2020இல் 'டில்லர்மேன்' தட்டின் பதினொரு பாட்டுகளையும் புதிதாகப் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்று தந்தையும் மகனும் உரையாடும் பாட்டு. முன்பு இருவருக்கும் ஒருவரே குரல் மாற்றிப் பாடினார். இப்பதிப்பில் தந்தையின் மொழிகளை எழுபதைக் கடந்த யூசுப் பாடுகிறார். மகனின் மொழிகளை, இளமையிற் பதிவான அவருடைய குரலே பாடுகிறது. இவ்விரு குரல்களுள் எது செத்த குரல் என்பதை விமரிசகர்கள் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.