பிறர் துயருக்கும் ஒரு நிமிடம்

ஒட்டாவாப் பாராளுமன்றத்தில், கேள்வி நேரம் தொடங்குவதற்கு முன்னர் சாதாரண அங்கத்தவர்களுக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆளுக்கு ஒரு நிமிடம். எழுந்து நின்று தாம் விரும்பிய விடயத்தைச் சொல்லி அமரலாம். ஜூன் 4ஐ ஒட்டிய நாட்களில் இந்த நிமிடங்களிற் சில சீனத்து மாணவர்களின் நினைவுக்குப் போவதுண்டு. கட்சி வேறுபாடின்றிப் பலர் பேசியிருக்கிறார்கள்.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15இல், சீர்திருத்தத்தை விரும்பிய தலைவர் ஹூ யாவோபாங் காலமானார். அவருக்கு அஞ்சலி செலுத்த பீஜிங் நகரின் தியனன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் கலைந்து போகவில்லை. ஊழல் ஒழிய வேண்டும், பத்திரிகைகள் சுதந்திரமாக எழுத வேண்டும், அரசு எம்முடன் பேச வேண்டும் என்றார்கள். மே 13இல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மே 20இல் இராணுவச் சட்டம் வந்தது. ஜூன் 3 இரவும் 4 விடியலிலும் டாங்கிகளும் துப்பாக்கிகளும் நகருக்குள் புகுந்தன. பெரும்பாலானோர் மாண்டது சதுக்கத்தினுள் அல்ல. அதற்குச் செல்லும் வீதிகளில், வழிமறித்து நின்ற சாதாரண நகரவாசிகளாக. இறந்தவர் தொகை நூற்றுக் கணக்கில் என்பாரும் ஆயிரக் கணக்கில் என்பாரும் உளர். எண்ணுவதற்கு அந்த அரசு இன்றுவரை எவரையும் விடவில்லை.

மறுநாள், ஜூன் 5இல், அன்றைய வெளிவிவகார அமைச்சர் ஜோ கிளார்க் ஒட்டாவாவில் எழுந்து கண்டனம் தெரிவித்தார். இங்கு படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்கள் திரும்பிப் போகாமல் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1986 ஓகஸ்டில், உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்த எம்மவர் 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களும் நாமும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே காரணத்தால், இந்த நாட்டின் கதவைத் தட்டியவர்கள்.

ஆனாலும் எமது வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "எங்கட செத்தவீடே முடியேல்லை. சீனாக்காரரின்ர செத்தவீட்டுக்கு நாங்கள் ஏன்?" தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எமது ஊர்ப் பழமொழி. எமக்கு இரண்டும் வந்தாயிற்று. அப்படியானால் மற்றவரின் காய்ச்சலும் எமக்குத் தெரியத்தானே வேண்டும்?

இன்னொரு நியாயமும் உண்டு. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த சில நாட்களில், 2009 மே 27இல், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடியது. இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள். கனடா எதிர்த்தது, சீனா ஆதரித்தது. அன்று எமக்கு எதிராகக் கையுயர்த்திய அரசு, 1989இல் தன் சொந்தப் பிள்ளைகள் மீது டாங்கி ஓட்டிய அதே அரசுதான். சீன மக்கள் அல்லர். இந்த வேறுபாட்டை நாம் தெளிவாக வைத்திருக்க வேண்டும். எமது பிள்ளைகள் பாடசாலையில் சீனப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

2021ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்கள். ஜனவரி 8 இரவு, யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடித்துத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மற்றோர் இரவில், ஹொங்கொங் பல்கலைக்கழக வளாகத்தில் தியனன்மென் நினைவாக நின்ற 'அவமானத் தூண்' மறைப்புக் கட்டி அகற்றப்பட்டது. இரண்டும் பல்கலைக்கழகங்கள், இரண்டும் இரவு. செத்தவர்களுக்குப் பயப்படும் அரசுகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. யாழ்ப்பாணத்தில் மாணவர் விடவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. ஹொங்கொங் விக்டோரியா பூங்காவில் 1990 முதல் முப்பது ஆண்டுகள் எரிந்த மெழுகுதிரிகள் 2020இல் தடைசெய்யப்பட்டன. ஏற்பாடு செய்தவர்கள் சிறை சென்றார்கள்.

பீஜிங்கில் பதினேழு வயது மகனைப் பறிகொடுத்த பேராசிரியை டிங் ஸிலின் மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள், பொலிசாரின் கண்காணிப்பின் கீழ். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்த எமது தாய்மாரை இவர் அறிந்திருக்க மாட்டார். அறிந்தால், மொழி தெரியாமலே விளங்கியிருக்கும்.

ஜூன் 5 எமது நாட்காட்டியிலும் உண்டு. 1956இல் அன்றுதான் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, தந்தை செல்வா தலைமையில் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் நடந்தது. பாராளுமன்றத்துக்கு எதிரே, சும்மா அமர்ந்திருந்தவர்களைக் காடையர் அடித்தார்கள். பொலிசார் பார்த்து நின்றார்கள். அமிர்தலிங்கம் உடைந்த தலையில் கட்டுடன் சபைக்குள் போனார். சட்டம் நிறைவேறியது. சபை கண்ணை மூடிக்கொண்டால் வெளியே என்ன நடக்கும் என்பதை நாம் அன்றே படித்தோம்.

அதற்காக, இங்குள்ள சபையைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டியதில்லை. தியனன்மென் நடந்து ஐந்தரை ஆண்டுகளில், 1994 நவம்பரில், பிரதமர் கிரெச்சியன் மாகாண முதல்வர்களைக் கூட்டிக்கொண்டு வியாபாரம் பேசச் சீனா போனார். எமது கியூபெக்கிலேயே 1970 ஒக்டோபரில் போர்க்காலச் சட்டத்தின் கீழ் ஐந்நூறு பேரளவில் பிடித்து அடைக்கப்பட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் மீது குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 2020இல் அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் எனக் கியூபெக் கட்சியினர் கொண்டுவந்த பிரேரணையை ஒட்டாவாச் சபை தோற்கடித்தது. பிறர் வீட்டு இரத்தத்துக்கு அஞ்சலி செலுத்துவது சுலபம். தன் வீட்டுக் கதவைத் திறப்பது கஷ்டம்.

எமது விடயத்தில் 2022 மே 18இல் ஹரி ஆனந்தசங்கரி கொண்டுவந்த பிரேரணையைச் சபை ஏகமனதாக ஏற்று, அந்நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாள் என அங்கீகரித்தது. ஏகமனது என்றால் என்ன என்பதைப் பலர் அறியார். சபையில் ஒரேயொருவர் 'இல்லை' என்றாலும் அது விழுந்துவிடும். எவரும் சொல்லவில்லை. ஆனால் அது சட்டம் அன்று; அரசைக் கட்டுப்படுத்தாது; ஒரு குற்றவாளியையும் நீதிமன்றத்தில் நிறுத்தாது. பதிவேட்டில் நிற்கும், அவ்வளவே. அந்தப் பதிவையும் கொழும்பு ஆட்சேபித்தது என்றால், அதற்கு எடை உண்டு என்றுதானே பொருள்?

கர்க்லாண்ட் வாசிகள் தமது ஊரின் பெயரையும் ஒருதரம் எண்ணிப் பார்க்கலாம். 1961இல் உருவான இந்நகர், மாகாண சபை அங்கத்தவர் சார்ள் எமே கர்க்லாண்டின் பெயரைத் தாங்குகிறது. அவர் மறைந்தபின் அதே ஆண்டு அவருடைய மகள் கிளேர், கியூபெக் சட்டசபைக்குத் தெரிவான முதற் பெண்ணாகச் சென்றார். அமைச்சரான பின்னும் வீடொன்றை வாடகைக்கு எடுக்கக் கணவனின் கையெழுத்துத் தேவைப்பட்ட காலம் அது. 1964இல் அந்தச் சட்டத்தை அவரே மாற்றினார். உரிமை பிந்தித்தான் வரும். எவரோ ஒருவர் எழுந்து நின்றால்தான் வரும்.

ஆகவே நாம் செய்யக்கூடியது இது. பாராளுமன்ற அங்கத்தவருக்கு ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுத முத்திரை தேவையில்லை. கடதாசி மனுவுக்கு இருபத்தைந்து கையொப்பம் போதும், பிரசாவுரிமை இல்லாமல் இங்கு வசிப்பவரும் ஒப்பமிடலாம், வயதெல்லையும் இல்லை. மனு சபையில் சமர்ப்பிக்கப்பட்டால் அரசு 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மே மாதத்தில் எமது துயரை எழுதும்போது, ஜூன் மாதத்துத் துயருக்கும் ஒரு வரி சேருங்கள். சீன அயலவர் மெழுகுதிரி ஏற்றும் இடம் தெரிந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். பேச வேண்டியதில்லை.

நாளை எமது தூபிக்கு எவராவது கை வைத்தால், யார் வந்து பக்கத்தில் நிற்பார்கள் என்று நாம் கேட்போம். அதற்கு முன்னர், நாம் யாருக்குப் பக்கத்தில் நின்றோம் என்று அவர்கள் கேட்பார்கள்.