கோல்கீப்பர் வாத்தியாருக்கு யார் சம்பளம் தருவது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து பில்டிங் சார் வீட்டுக்கு வந்தார். பி.ஏ.ஆர்.சி.யில் விஞ்ஞானி, கும்பகோணத்துக்காரர், அளந்துதான் பேசுவார். காபி டம்ளர் கைக்கு வந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பையன் எம்.பி.ஏ. வேண்டாங்கறான் சார். காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு அசிஸ்டென்ட் கோச்சா இருக்கப் போறானாம். அதுலயும் கோல்கீப்பருக்கு மட்டும் கோச்சிங். நீங்க பேங்க்ல இருக்கீங்க. நீங்க சொன்னா கேப்பான்."

அணுசக்தி நகரில் கோச்சிங் என்றால் ஐ.ஐ.டி. கோச்சிங்தான். வேறு அர்த்தம் இங்கே யாருக்கும் தெரியாது. (நான் இந்தக் காலனிவாசியானது மனைவியின் உத்தியோகத்தால். எனக்குத் தெரிந்த ஒரே அணு, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.) பையன் பி.காம்., அதாவது என் இனம். அதனால் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் என் தொழில்படி கணக்குப் பார்த்தேன். செம்பூர் பக்கத்துக் கல்லூரி ஒன்று அவனுக்கு சீசனுக்கு 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மாதத்துக்கு இல்லை, சீசனுக்கு. போன சீசன் பணம் இன்னும் வரவில்லை, வவுச்சர் யாருடைய கையெழுத்துக்கோ காத்துக் கிடக்கிறதாம். எங்கள் பாஷையில் ஒரு கடன் வாராக்கடனாக 90 நாள் போதும். இது அதையும் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது.

ஒரு கல்லூரியின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை இது. அந்த நாற்காலியே எங்கும் கிடையாது. யு.ஜி.சி. விதிப்படி கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் என்ற பதவி உண்டு. அதற்கு உடற்கல்வியில் முதுகலை, 55 சதவீத மார்க், அதன்மேல் நெட் அல்லது செட் வேண்டும். அந்த ஒரு மனிதர்தான் கபடி, கேரம், ஓட்டப்பந்தயம், கால்பந்து எல்லாவற்றையும் கட்டி மேய்க்க வேண்டும். அவர் எப்போது கோல்கீப்பரைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்வார்?

ஆனால் கோல்கீப்பர் செய்வது தனித் தொழில். இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. 1992 வரை தன் அணிக்காரன் காலால் தள்ளிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் விதியை மாற்றினார்கள், அன்றிலிருந்து அவனுக்குக் காலும் பேச வேண்டியிருக்கிறது. 2025-26 சீசனிலிருந்து 8 வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். இதையெல்லாம் ஃபார்வர்டு ஆடிய ஒரு கோச் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. நம்ம பையன் காலனி மைதானத்தில் இரண்டு கோல் கம்பங்களிலிருந்தும் கயிறு கட்டி, பந்து இருக்கிற இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பான். "ரெண்டு அடி முன்னால வா. இப்போ கயிறுக்கு நடுவுல எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு, பாரு" என்பான். ஜியோமெட்ரி வாத்தியார்கள் கவனிக்கவும்.

சாருக்குப் பீட்டர் தங்கராஜைத் தெரியவில்லை. 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1950-களில் நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் அணிக்கு ஆடினார், ஃபார்வர்டாக இருந்து கோல்கீப்பர் ஆனவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்றார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவரும் அவர்தான். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் அவரோடு போன இன்னொரு கோல்கீப்பர் எஸ்.எஸ். நாராயண், பாபு நாராயண். ஒற்றப்பாலத்தில் பிறந்து பம்பாய்க்கு வந்தவர். மாட்டுங்காவில் ஆடிய மனிதர், சார்! கூடைப்பந்தும் ஆடுவார். 2021-ல் தானேயில் காலமானபோது நம் வீடுகளில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் படித்தோம்?

இவர்களை நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. தங்கராஜுக்கு அன்று சோறு போட்டது ராணுவம். நாராயண் கால்டெக்ஸ், டாடா அணிகளுக்கு ஆடினார். சென்னையில் எங்கள் துறையின் இந்தியன் வங்கி, தேசிய லீக் வரை அணி வைத்திருந்தது. கம்பெனிகள் வேலை கொடுத்தன, ஆட்டம் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆடி முடித்த தங்கராஜ் பயிற்சியாளரானார், கடைசியில் பொக்காரோவில் வாழ்ந்து 2008-ல் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா ஏணி இப்போது பாதிக்கு மேல் உடைந்துவிட்டது. அதனால் இன்றைய பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதே சம்பளம் வரும் வேலையாக இருந்தாக வேண்டும். "ஆசைக்காகச் செய்கிறான்" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே பல்கலைக்கழக அணிகளில் "தன்னார்வ உதவிக் கோச்" என்றே ஒரு வகை இருந்தது. முழுநேர உழைப்பு, சம்பளம் பூஜ்யம். கோர்ட்டு வரை போன பிறகு, 2023 ஜூலையில்தான் முதல் டிவிஷனில் அந்த வகையை எடுத்தார்கள்.

சார் விடவில்லை, பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டினார். 2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. உட்படச் சில ஐ.எஸ்.எல். கிளப்புகள் சம்பளத்தை நிறுத்திவைத்த செய்தி. "பெரிய கிளப்புக்கே இந்தக் கதின்னா?" என்றார். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இது ரிஸ்க் உள்ள கடன்தான். ஆனால் ரிஸ்க் உள்ள கடனை எல்லாம் மறுத்தால் பேங்கை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அடமானம் கேட்கலாம்.

பையனிடம் அதைத்தான் கேட்டேன். "பி.பி.எட்., எம்.பி.எட். முடிச்சுடு. நெட் எழுது. டி லைசென்ஸ், சி லைசென்ஸ், கோல்கீப்பிங் லெவல் ஒன், எல்லாம் வரிசையா வாங்கு. காலேஜ் நாற்காலி கிடைச்சா அதுல உக்காந்துட்டு கோல்கீப்பரைத் தயார் பண்ணு."

"சரி அங்கிள்" என்றான். ஷூவில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "எம்.பி.எட். வரைக்கும் நாலு வருஷம். அதுவரைக்கும் அப்பாகிட்டதான் பெட்ரோலுக்குக் காசு கேக்கணும்" என்றான்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் மகள் ஸ்கூல் டீமில் கோல்கீப்பர். இரண்டு வருஷமாக சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவளுக்குக் கயிறு கட்டிச் சொல்லிக்கொடுப்பவன் இவன்தான். மேத்ஸ் ட்யூஷனுக்கு மாதம் 3,000 ரூபாய், ஒன்றாம் தேதி தவறாமல் போகிறது. இவனுக்கு நான் கொடுத்தது தீபாவளிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு. அவன் அப்பாவுக்கு அறிவுரை சொல்ல நான் யார்?

சாயங்காலமே சாரிடம் போய்ச் சொன்னேன். பையன் சம்பாதிக்காததற்குக் காரணம் அவன் வேலை மட்டும் இல்லை சார், என்னைப் போன்ற அங்கிள்களும்தான் என்று. அவர் சிரிக்கவில்லை. "எத்தனை பிள்ளைங்க வராங்க?" என்று மட்டும் கேட்டார். பதினொன்று.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து தலைக்கு 1,000 ரூபாய், ஒன்றாம் தேதி. எட்டு வீடு சரி என்றாகிவிட்டது. ஒருவர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் 500-க்கு முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் பேங்க்காரர்.